வரியோடு சேர்த்து

ஃபெராரி அண்ணனிடம் ஃபெராரி கிடையாது. அதன் கணக்கு மட்டும் இருக்கிறது. காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் பில் புத்தகம் அவர் கண்ணில் பட்டால் போச்சு. பின்பக்கத்தைத் திருப்பிப் பேனாவை உருவிவிடுவார்.

"வண்டி ஒரு கோடின்னு வை. சுங்கம் எழுபது சதவீதம், விவசாய செஸ் நாற்பது." ஃபெராரிக்கும் உழவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடாதீர்கள், 2025 பட்ஜெட்டை முதலிலிருந்து வாசிப்பார். "ஆச்சா, ரெண்டு கோடியே பத்து லட்சம். அதுமேல ஜிஎஸ்டி நாற்பது. ரெண்டு தொண்ணூத்தி நாலு. நம்ம ஊர் ஆயுள்வரி இருபது." மூன்றரைக் கோடியில் வந்து நின்று, வரி போட்டதே நாம்தான் என்பதுபோல முறைப்பார்.

பந்தியோ துக்க வீடோ, இதே கணக்குதான். வைகாசிக் கருட சேவையன்று விடிகாலையில் வரதர் கோபுர வாசலில் ஊரே கைகூப்பி நிற்கிறது. இவர் பக்கத்து ஆளுக்கு ஹோமோலகேஷன், அதாவது வண்டி நம் நாட்டு விதிக்குப் பொருந்துகிறது என்ற சான்று, விளக்குகிறார்.

"பழசா ஒண்ணு இறக்கலாமே அண்ணா?"

"மூணு வயசுக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கணும். மும்பைத் துறைமுகம் வழியா மட்டும்தான் வரணும்." ஜப்பானில் ஒரு ஸ்கைலைன் கார் பார்த்து வைத்திருந்தாராம். மூன்று வயதைத் தாண்டி எத்தனையோ வருஷம். பழம்பொருள் என்று விடவும் வயது பத்தாது. வெளிநாட்டு மருமகன் கார்னே என்ற தற்காலிக அனுமதியில் வண்டியைக் கொண்டு வரலாமே என்றால், ஆறு மாதத்தில் திருப்பி அனுப்ப வேண்டும், பொண்ணை அனுப்புவதே பெரிய பாடு என்கிறார்.

நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து இறக்கிய ரோல்ஸ் ராய்ஸ், நுழைவு வரி வழக்கில் சிக்கி, 2021-ல் ஒரு லட்சம் அபராதம் வரை போனதும், மேல்முறையீட்டில் தனி நீதிபதியின் கடுமையான வார்த்தைகள் நீக்கப்பட்டதும் இவருக்குத் தேதிவாரியாகத் தெரியும். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில், ஒதுக்கீட்டுக்குள் வரும் கார்களுக்கு வரி படிப்படியாகப் பத்து சதவீதத்துக்கு இறங்கும் என்றதிலிருந்து ஆளைப் பிடிக்கவே முடியவில்லை. "அவசரப்படாதே, இறங்கட்டும்" என்று நமக்கு ஆறுதல் சொல்கிறார். அவர் குடியிருப்பதோ பிள்ளையார்பாளையத்தில், காலையில் நெசவுப் பாவு நீட்டினால் சைக்கிளையே தள்ளிக்கொண்டு போக வேண்டிய தெரு.

ஒருமுறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு அழைத்துப் போனேன். நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, இறக்குமதிச் சுங்கமும் கிடையாது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மதியம் வரை வாய் திறக்கவில்லை; வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்கே பிரியமாக இருந்தது.

அந்தப் பிரியமெல்லாம் போன முகூர்த்தம் வரைக்கும். கல்யாணப் புடவைக்கு வந்த ஒரு குடும்பம் முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ச் சேலையைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, "இதே ஃபாரின்லேர்ந்து வந்திருந்தா" என்று ஆரம்பித்தார். கணக்கு லட்சத்தைத் தாண்டியதும் அந்த வீட்டு அம்மாள், வரியெல்லாம் தனி என்று நினைத்துச் சேலையை மடித்து வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். வியாபாரம் போனது என் மச்சான் கடைக்கு. அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

காஞ்சிக்குப் பட்டெடுக்க வருகிறவர்களே, கடையில் பேனாவும் கையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து உங்கள் காரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.