ரசிகர்கள் தடுத்த பேரம்

கேள்வி: தோற்றுக்கொண்டே இருக்கும் பேஸ்பால் அணியை நிர்வாகி எப்படித் தூக்கி நிறுத்துவார்? ரசிகர்கள் பேச்சைக் கேட்டா?

பதில்: சில சமயம் கேட்டுத்தான்! 1946இல் கிளீவ்லாந்து இண்டியன்ஸ் அணியை வாங்கிய பில் வீக், மறு ஆண்டே லாரி டோபியைச் சேர்த்தார். அமெரிக்கன் லீகின் முதல் கறுப்பின வீரர் டோபி. நெஞ்சுரம் வேண்டும் அதற்கு! ஆனால், ஆடிக்கொண்டே அணியின் மேனேஜராகவும் இருந்த லூ பூட்ரோவை வேறு அணிக்குத் தள்ளிவிட வீக் பேரம் பேசியது கசிந்ததும் ஊரே கொதித்தது. வீக் ஒளியவில்லை. மதுக்கடை மதுக்கடையாக ஏறி இறங்கி, ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். மதுக்கடைக்குப் போய்த் தெளிந்து திரும்பிய அபூர்வ முதலாளி! பூட்ரோ தங்கினார். 1948இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு. உலகத் தொடர் கோப்பை அணிக்கு. அந்த ஆண்டு அரங்குக்குத் திரண்டவர்கள் 26 லட்சம் பேர்!