கள்ளிக்காட்டுப் பூடில் கலப்புக் குறுநாய்: குணம், பேணல், பொருத்தப்பாடு (முதல் தொகுதி)

முன்னுரை

நாயைப் பற்றி எழுதினோர் பலர். பூடிலைப் பற்றி எழுதினோர் சிலர். கேரளத்துக் கள்ளிக்காட்டில், நெய்யாற்றணையின் அடிவாரத்தில், ரப்பர் தோட்டத்துக்கும் மரச்சீனி விளைக்கும் நடுவே நின்று குரைக்கிற பூடில் கலப்பைப் பற்றி இதுகாறும் எவரும் எழுதவில்லை. ஆய்வில் இடைவெளி கண்டால் நிரப்பியே தீர வேண்டும் என்பது பல்கலைக்கழக மரபு. அது ஏன் காலியாகக் கிடந்தது என்று கேட்பது மரபன்று.

ஆய்வுக்களம் ஒரு வீடு. ஆய்வுப்பொருள் ஒரு நாய், பெயர் கைசர், எடை ஆறு கிலோ. தாய் பூடில், தந்தை ஸ்பிட்ஸ் என்பர் (டீக்கடை பெஞ்சு, இடது முனை). தந்தை லாசா ஆப்சோ என்பாரும் உளர் (டீக்கடை பெஞ்சு, வலது முனை).

1. தோற்றம்

பூடில் பிரான்சின் நாயா ஜெர்மனியின் நாயா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சுட்டு விழுத்திய வாத்தை நீரில் பாய்ந்து எடுத்துவரப் பழக்கிய நாய் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையில்லை. பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பு அதைப் பிரான்சின் கணக்கில் எழுதி, உயரத்தை வைத்து நான்காகப் பிரித்தது; ஆகச் சிறியது 28 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. மனிதரை மொழியால் பிரித்தபோது, 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் எஞ்சிய தமிழ் வீடுகளை எந்தப் பிரிவில் எழுதுவது என்று இன்றும் கருத்தரங்கம் கூடுகிறது. நாய் விஷயம் ஓர் அளவுநாடாவோடு முடிந்துவிட்டது.

குமரிக்கண்டத்தில் பூடில் இருந்ததா? இருந்தது. கடல் கொண்டதால் சான்று இல்லை. சான்று இல்லாததே கடல் கொண்டதற்குச் சான்று. தவிர, அது நீந்தும் நாய் என்பதை மேலே நிறுவியாயிற்று.

கலப்பின் புகழுக்கு ஆஸ்திரேலியாவைச் சொல்ல வேண்டும். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் நிறுவனம் ஒன்றில் இருந்த வாலி கான்ரன், 1989இல் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். ஹவாயில் ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவர் கணவருக்கோ நாய்முடி ஒத்துக்கொள்ளாது. பிறந்த குட்டிகளைக் கலப்பு என்று சொன்னபோது எடுத்து வளர்க்க ஆளில்லை. ‘லாப்ரடூடில்’ என்று பேர் சூட்டியதும் ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். வயதான காலத்தில், இதைச் செய்ததே தம் வாழ்வின் பெரிய வருத்தம் என்றார் கான்ரன். தம் கண்டுபிடிப்புக்காக வருந்திய ஆய்வாளர் என்ற வகையில் அவர் தனித்து நிற்கிறார். நம்மவர் எவரும் இன்னும் அந்நிலை எய்தவில்லை.

1.1 ஒப்புமை விழுக்காடு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டு ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஏட்டை ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முதல் தலைமுறைக் கலப்பில் பூடில் சரிபாதி. ஆகவே கைசர் ஓராண்டு காத்திருக்க வேண்டியவன். அவனை மறுபடி ஒரு பூடிலோடு சேர்த்தால் குட்டிக்கு 75, பதிவு ரத்து. கலப்பே இல்லாத பூடிலோ நூற்றுக்கு நூறும் முன்னோரைப் பார்த்து எழுதியது. அதற்குத்தான் மேடையேற்றிப் பதக்கம் அணிவிக்கிறார்கள். ஆய்வேடுகளுக்கும் சில துறைகளில் இதுவே நடைமுறை.

முன்னோர் கணக்கைக் கேளாத இடமும் உண்டு. இதே நெய்யாற்றில் கீழே போனால் அருவிப்புறம் வரும். 1888இல் அங்கே நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவன் என்று நாட்டினார். குலச்சான்று எதுவும் இணைக்கப்படவில்லை. தரவு போதாமையால் இதை மேலும் ஆயவில்லை.

2. நாயும் பன்றியும்

இனி இவ்வாய்வின் உயிர்நாடி. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களைச் சொல்லுமிடத்து நாய், பன்றி, புலி, முயல் நான்கையும் ஒரே நூற்பாவில் கட்டினார். பெண்பாற் பெயர்களைச் சொல்லுமிடத்துப் பன்றி, புல்வாய் (மான்), நாய் மூன்றையும் ஒன்றாக்கினார். புலி ஒருமுறை எட்டிப் பார்த்துப் போய்விட்டது, முயலும் அப்படியே, மானும் அப்படியே. நாயும் பன்றியும் மட்டும் ஈரிடத்தும் பிரியாமல் நிற்கின்றன. தற்செயலா? தற்செயல் என்று ஒப்புக்கொண்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். ஆகவே அன்று.

ஈராயிரம் ஆண்டு கழிந்தது (சிலர் கணக்கில் மூவாயிரம்; அவர்களே ஓய்வுபெற்றபின் ஐயாயிரம்). கேரள அரசு 1998இல் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. வீட்டில் நாய் வளர்ப்பவர் பஞ்சாயத்தில் உரிமம் வாங்க வேண்டும் என்கிறது அது. அதன் பெயரைப் படிப்போர் நின்று படிக்க: கேரளப் பஞ்சாயத்து ராஜ் (பன்றிகள், நாய்கள் உரிமம்) விதிகள். ஆடு இல்லை, மாடு இல்லை, கோழி இல்லை. பன்றி முன்னே, நாய் பின்னே, பெண்பாற் பெயர் நூற்பாவின் அதே வரிசை! திருவனந்தபுரத்துச் செயலகத்தில் எவரோ மரபியலை மேசை இழுப்பறையில் வைத்திருந்தார் என்பது வெள்ளிடைமலை. அப்படியானால் நடுவிலிருந்த புல்வாய் எங்கே? நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் 1958இலேயே அமைந்துவிட்டதால் மான் வனத்துறைக்குப் போய்விட்டது. புலியும் அவ்வாறே. முயல் நிலுவையில் உள்ளது.

மரபியலே இடைச்செருகல் என்போர் உளர். அவர்கள் வீட்டில் நாய் இல்லை.

உரையாசிரியர் காணாத இன்னொரு சான்றும் உண்டு. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை 2022இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. ஆக நாய்க்கு உரிமம் தருவதும் பன்றிக்கு முடிவு கட்டுவதும் ஒரே கட்டடம். இந்த இணைவைக் களத்தில் சோதிக்கும் வாய்ப்பு தானே வந்தது. விளையில் மரச்சீனி தோண்டிக்கொண்டிருந்த பன்றி ஒன்றைக் கைசர் நேரில் கண்டான். கண்டதும் கட்டிலுக்கு அடியில் புகுந்து அங்கிருந்து குரைத்தான் (டீக்கடை பெஞ்சு, இடது முனை, மழைக்காலத் திருத்திய பதிப்பு). குரைக்கவே இல்லை என்பர் (அதே பெஞ்சு, வலது முனை, மூன்றாம் டீ, இடது முனைக்கு மறுப்பாக). குரைத்தது கைசரல்ல, பன்றி என்பதும் ஒரு பாடம் (பால்காரர், வாய்மொழி, பால்காரர் அன்று ஊரிலேயே இல்லை என அவர் மைத்துனர் வரைந்த கண்டனம், கண்டனத்துக்குக் கண்டனமாகப் பழம்பொரி சுற்றிய தாளில் எழுதிய விளக்கவுரை, எண்ணெய்க்கறை இரண்டு, பெரிய கறையின் தென்மேற்கு, ஒப்பிடுக: எதிர்ப்பெஞ்சு, முழுவதும்). மூன்று பாடங்களையும் ஒப்புநோக்கிய செம்பதிப்பு, நிதி கிடைத்தால் வரும்.

3. குணம்

அறிவு: உண்டு.

வீரம்: மேலே காண்க.

மொழி: “எலே மக்கா, இஞ்ச வா” என்று வீட்டு அம்மச்சி தமிழில் கூப்பிட்டாலும், “இவிடெ வா” என்று பேரப்பிள்ளை மலையாளத்தில் கூப்பிட்டாலும் பொருள் விளங்குகிறது. இரண்டுக்கும் வருவதில்லை.

ஆன்மா: ஜெர்மானியத் தத்துவர் ஷோப்பன்ஹவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பூடில்கள் வளர்த்தார், ஆத்மா என்று பேர் வைத்தார். ஒன்று இறந்தால் அடுத்ததும் ஆத்மா. உபநிடதங்களை இலத்தீன் வழியே கற்றவர் அவர். உடல் பல, ஆத்மா ஒன்று என்பதை நாய்வழி மெய்ப்பித்த இவரை நம் அத்வைத ஆய்வாளர்கள் போதிய அளவு மேற்கோள் காட்டுவதில்லை.

4. பேணல்

பூடில் வழி வந்த முடி அதிகம் உதிர்வதில்லை, நிற்காமல் வளரும். உதிர்ந்ததும் கீழே விழாமல் மற்ற முடிக்குள் மாட்டிக்கொண்டு சடையாகும். சடைக்கடியில் ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும். ஒருநாள் விட்டு ஒருநாளாவது வேர்வரை சீவ வேண்டும். ஆறேழு வாரத்துக்கொருமுறை வெட்டிவிட வேண்டும். இவ்வூருக்கு இடவப்பாதி, துலாமழை என்று இரண்டு மழை. தொங்கும் காது, காதுக்குள் முடி, வெளியே மழை. சீழ் பிடிக்க வேறென்ன வேண்டும்? குளிப்பாட்டியதும் காதை உலர்த்துக. உண்ணியை விரலிடுக்கிலும் காதுமடிப்பிலும் தேடுக. உண்ணிக் காய்ச்சல் இரத்தத்தைக் கெடுக்கும். ரப்பர் பால் முடியில் உறைந்தால் கத்தரிதான் வழி.

குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். எலிக்காய்ச்சல் ஊசியும் உடன். குறுநாய்களுக்கு முழங்காற்சில்லு விலகுவதுண்டு. நடக்கும்போது ஒரு காலைத் தூக்கிச் சில அடி துள்ளினால் நடனம் என்று கொள்ளற்க. சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் விலக்கு. மீன்குழம்புச் சோற்றில் சின்ன உள்ளி கிடக்கிறது என்று அம்மச்சியிடம் சொல்லியாயிற்று. “அவனுக்கு அதுதான் பிடிக்கும்” என்பது பதில்.

பூடிலுக்குச் சிங்கவெட்டு என்றொரு பழைய முடிவெட்டு உண்டு: நெஞ்சிலும் தோளிலும் பிடரி விட்டுப் பின்னுடலை மழிப்பது. நெய்யாற்று நீர்த்தேக்கத்தில் ஒரு காலத்தில் சிங்க உலாவிடம் இருந்தது. இப்போது சிங்கம் இல்லை. ஆறு கிலோவில் ஒரு மாற்று ஏற்பாடு தயார் என்பதைச் சுற்றுலாத் துறையின் மேலான பார்வைக்கு வைக்கிறேன். அணைப்பக்கம் முதலைக் காப்பகமும் உள்ளபடியால் நீச்சல் சோதனையைத் தவிர்த்தேன்.

5. பொருத்தப்பாடு

ஒவ்வாமைக்காரருக்கு ஏற்ற நாய் என்பார்கள். 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று பல இன நாய்களின் முடியையும் அவை வாழும் வீடுகளையும் சோதித்தது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம், தூண்டாது என்று விற்கப்படும் இனங்களின் முடியில் குறைவாக இல்லை, அதிகமாகவே இருந்தது. இது உண்மையான ஆய்வு. ஆதலால் பெஞ்சுச் சான்று தேடவில்லை.

பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு ஆகாது. தனிமையில் ஊளையிடும், கதவைப் பிராண்டும். சீப்பெடுக்கச் சோம்பல்படுபவருக்கும் ஆகாது. காவலுக்கு வேண்டுமென்றால் ராஜபாளையம் வளர்க்கலாம்; அதற்கு 2005இல் அஞ்சல்தலையே வந்துவிட்டது. கைசர் திருடனைக் கண்டால் குரைப்பான். அதற்கு மேற்பட்டதைக் கட்டிலடிச் சான்றில் பார்த்தோம்.

எஞ்சியது உரிமம். விண்ணப்பத்தில் ‘இனம்’ என்று விரற்கடை அகலத்தில் ஒரு கட்டம். ‘இணைப்பு காண்க’ என்று எழுதி, மேற்கண்ட பக்கங்கள் அனைத்தையும் இணைத்துக் கொடுத்தேன். எழுத்தர் ஒரு பக்கம் புரட்டினார். கைசரை ஒரு பார்வை பார்த்தார். கட்டத்தில் ‘நாய்’ என்று மலையாளத்தில் எழுதி, முத்திரை குத்தி, இணைப்பைக் கோப்போடு நூல்போட்டுக் கட்டிவிட்டார். வல்லுநர் குழுவின் பரிசீலனைக்குப்பின் ஏற்கப்பட்டு அரசு ஆவணத்தில் இடம்பெற்ற கட்டுரை என்று என் தன்விவரக் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். பரிசீலித்தவர் ஒருவரே, ஆயினும் குழு என்று எழுதுவதே துறை வழக்கு.