அண்ணாச்சி, ஒன்பதாவதிலேயே எழுதிடலாமா?

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல், தென்காசியில் கோச்சிங் சென்டர் நோட்டீஸ். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விசாரிப்புதான்: பெரிய கணக்குத் தேர்வுகளை வயசுக்கு முன்னாடியே பிள்ளைகளை எழுத வைக்கலாமா? சரி, மற்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு இதையே பேசித் தீர்த்துவிடுவோம்.

கேள்வி: மகன் ஒன்பதாவது படிக்கிறான். 'இப்பவே ஜே.இ.இ. எழுதிப் பழகிட்டா பன்னிரண்டாவதில் ஊதித் தள்ளிடுவான்' என்று கோச்சிங் சென்டரில் சொல்கிறார்கள். எழுத வைக்கலாமா அண்ணாச்சி? — ஒரு தாய், இலஞ்சி

எழுத வைக்கவே முடியாது தாயி. ஜே.இ.இ. மெயின் எழுத பன்னிரண்டாவது முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷம் பன்னிரண்டாவது பரீட்சை எழுதுகிறவனாக இருக்க வேண்டும். அவர்கள் எழுத வைக்கப்போவது அவர்களே அச்சடித்த மாதிரித் தேர்வு. ரேங்க்கும் அவர்களே போடுவார்கள். அந்த ரேங்க்கைக் காட்டி அடுத்த வருஷ ஃபீஸும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அடுத்த தடவை போகும்போது பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோய், "இவனுக்கு இன்னும் வயசாகலையே சார்" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்படியென்றால் சின்ன வகுப்பிலேயே நிஜமாக எழுதக்கூடிய கணக்குத் தேர்வு எது? — மேற்படி தாயின் பக்கத்து வீட்டுக்காரர், இலஞ்சி

கடிதம் எழுதியதையே பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டார்கள் போல! சென்னையில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் ஒரு திறனறிப் போட்டி நடத்துகிறது. ஐந்தாவதிலிருந்தே எழுதலாம். வகுப்புக்கு ஏற்றபடி காஸ், கப்ரேகர், பாஸ்கரா, ராமானுஜன் என்று பிரிவுகள். அதற்கு மேலே போக ஆசை இருந்தால் ஐ.ஓ.க்யூ.எம். என்கிற ஒலிம்பியாட் தகுதித் தேர்வு. செப்டம்பரில் வரும், எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை எல்லாருக்கும் ஒரே தாள். அதில் தேறினால் மண்டலச் சுற்று, பிறகு தேசியச் சுற்று, அதையும் தாண்டினால் பயிற்சி முகாம், உலகப் போட்டி. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வை விட்டுவிடக் கூடாது. கேள்விகள் 9, 10-ஆம் வகுப்புப் பாடத்திலிருந்துதான் வரும். தேர்வாகும் 1000 பேருக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை வருஷத்துக்கு 10,000 ரூபாய்.

கேள்வி: நான் எட்டாவது. பன்னிரண்டாவது அண்ணன்கள் எழுதும் அதே தாளை நானும் எழுதணும் என்றால் பயமாக இருக்கிறது. — ஒரு மாணவி, கடையநல்லூர்

பயப்பட வேண்டியது அண்ணன்கள்தான் பாப்பா! அந்தத் தாளில் நுண்கணிதம் கிடையாது. எண்கள், இயற்கணிதம், வடிவியல், எண்ணிப் பார்க்கும் கணக்குகள், அவ்வளவுதான். 30 கேள்வி, 3 மணி நேரம், 100 மதிப்பெண். ஒவ்வொரு விடையும் 00-லிருந்து 99-க்குள் ஒரு எண். நாலில் ஒன்றைத் தொட்டுவிட்டு வரும் வித்தை இங்கே செல்லாது. கண்ணை மூடிக்கொண்டு முப்பதையும் நிரப்பினால் ஒன்றுகூடச் சரியாகாமல் போக நூற்றுக்கு 74 வாய்ப்பு. இந்த 74 எப்படி வந்தது என்று அண்ணன்களைக் கேள். திருதிரு என்று முழித்தால் தைரியமாக அவர்கள் பக்கத்திலேயே போய் உட்காரலாம்.

கேள்வி: எழுதி ஒன்றும் வரவில்லை என்றால் மகள் மனசு உடைஞ்சிராதா? — ஒரு தந்தை, தென்காசி

யார் மனசு, மகளுடையதா உங்களுடையதா? அந்த ஒலிம்பியாட் தகுதித் தேர்வில் ஃபெயில் என்று ஒன்று கிடையாது. அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் கூப்பிட மாட்டார்கள். மனசு உடைவதற்கான ஏற்பாடுகளைப் பெரும்பாலும் நாம்தான் முன்கூட்டியே செய்து வைக்கிறோம். ஹால் டிக்கெட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, மதுரை அத்தையும் மும்பை சித்தப்பாவும் கைகூப்பிய பிறகு எந்தப் பிள்ளைக்குத்தான் நடுங்காது? ஹால் டிக்கெட்டை பர்ஸில் வையுங்கள்.

இன்னொன்று. வெளியே வந்ததும் "எத்தனை போட்டே?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கணக்கு உன்னைப் பாடாய்ப் படுத்திச்சு?" என்று கேளுங்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போதே அந்தக் கணக்கை டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள் என்றால் அடுத்த வருஷமும் எழுத வையுங்கள். மதிப்பெண் பூஜ்யமாக இருந்தாலும் சரி. "பரோட்டா வாங்கித் தாங்கப்பா" என்று மட்டும் சொன்னால், பரோட்டா வாங்கிக் கொடுங்கள். அவளாகக் கேட்கும்வரை அந்தத் தேர்வின் பேச்சை எடுக்காதீர்கள். சீக்கிரம் எழுதலாமா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பரிசோதனை இது ஒன்றுதான்.

கேள்வி: நான் +2. ஜே.இ.இ. மெயின் ஜனவரியில் எழுதவா, பாடமெல்லாம் முடித்துவிட்டு ஏப்ரலில் எழுதவா? — ஒரு மாணவர், பாவூர்சத்திரம்

இரண்டையும் எழுதுங்கள் தம்பி. இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஜனவரியில் கவிழ்ந்தாலும் ஏப்ரலுக்குச் சேதாரம் இல்லை. 75 கேள்வி, 300 மதிப்பெண். சரியான விடைக்கு நாலு கூடும், தப்புக்கு ஒன்று குறையும். தெரியாததை விட்டுவிட்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்பது ஹாலில் உட்கார்ந்தால்தான் புரியும். அதை ஜனவரியிலேயே கற்றுக்கொள்வது நல்லது. கூடுதல் செலவு இன்னொரு விண்ணப்பக் கட்டணம், திருநெல்வேலிக்கு ஒரு பஸ். சீக்கிரம் எழுதுவதில் கண்ணை மூடிக்கொண்டு நான் 'சரி' சொல்வது இது ஒன்றுக்குத்தான்.

கேள்வி: ராமானுஜன் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். நம்ம பக்கம் அப்படி யாரும் கிடையாதா? — ஒரு மாணவர், வல்லம்

வல்லத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! குற்றாலத்துக்குப் போகிற வழியில் இருக்கும் உங்கள் ஊரில்தான் 1901 ஏப்ரல் 5-ஆம் தேதி சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை பிறந்தார். உலகக் கணித நூல்களில் எஸ்.எஸ். பிள்ளை. ஒரு வயசில் அம்மா போய்விட்டார். செங்கோட்டையில் படிக்கும்போது அப்பாவும் போய்விட, சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து கொடுத்துப் படிக்க வைத்தார். பிறகு நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தது 1927-ல், 26 வயதில். அங்கிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம். எதையும் வயசுக்கு முன்னாடி முடித்த ஆளில்லை.

அவர் என்ன சாதித்தார் என்று கேட்டால் பலரும் 'எண் கோட்பாடு' என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 23 என்ற எண்ணை முப்படி எண்களின் கூட்டலாக எழுதிப் பாருங்கள். இரண்டு 8, ஏழு 1. மொத்தம் ஒன்பது எண்கள். அதைவிடக் குறைவாக முடியாது. எந்த எண்ணை எடுத்தாலும் ஒன்பதுக்கு மேல் தேவைப்படாது. இதையே ஆறாம் படிக்குச் செய்தால்? 703-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் ஆறாம் படி 64. மூன்றின் ஆறாம் படி 729, அது உள்ளே நுழையாது. ஆகவே பத்து 64, அறுபத்து மூன்று 1. மொத்தம் 73. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் இந்த 73-ஐத் தாண்டாது என்று 1940-ல் நிறுவியவர் உங்கள் ஊர்க்காரர். 1770-ல் வாரிங் என்ற ஆங்கிலேயர் கிளப்பிவிட்ட விவகாரம் இது. வேடிக்கை என்னவென்றால், சின்னப் படிகள்தான் அதிகம் முரண்டு பிடித்தன. ஐந்தாம் படிக்கு 37 என்று 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருன் காட்டினார். நாலாம் படிக்கு 19 என்று முடிவாக 1986 ஆயிற்று. அதை முடித்த மூவரில் ஒருவர் சென்னையின் ஆர். பாலசுப்ரமணியன்.

1950-ல் அமெரிக்காவில் உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்ட பிள்ளை, ஆகஸ்ட் 31 அன்று எகிப்தில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 49 வயது.

நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டம் வேண்டும் என்று துடிக்கிறவர்களுக்கு அவருடைய சரக்கிலிருந்து ஒன்று. அடுத்தடுத்து வரும் எண்களை இரண்டிலிருந்து பதினாறு வரை எத்தனை எடுத்தாலும், அவற்றில் ஒரு எண்ணாவது மற்ற எதோடும் (1-ஐத் தவிர) பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்கும். பதினேழு எடுத்தால் இந்த விதி தவறலாம். 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள். பதினேழில் ஒன்றுகூடத் தனித்து நிற்காது. 2189-க்கு ஜோடி 2200, இரண்டிலும் 11 இருக்கிறது. 2197-க்கு ஜோடி 2184, இரண்டிலும் 13. மிச்சத்தை நீங்களே பாருங்கள். ஆறாம் வகுப்புக் காரணிக் கணக்கு போதும். ஹால் டிக்கெட் வேண்டாம்.

கேள்வி: அக்‌ஷய் வெங்கடேஷ் 13 வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாரே? என் மகனையும் சீக்கிரமே +2 முடிக்க வைத்து ஐ.ஐ.டி.க்கு அனுப்ப நினைக்கிறேன். — ஒரு தந்தை, புளியங்குடி

சேர்ந்தார். 1994-ல் 12 வயதில் உலகக் கணித ஒலிம்பியாடில் வெண்கலம், 13 வயதில் ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழகம், 2018-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம். ஆனால் பதக்கம் வாங்கும்போது வயது 36. இடையில் இருக்கும் 23 வருஷத்தை விட்டுவிட்டுப் பதின்மூன்றை மட்டும் எண்ணுகிறீர்கள்.

உங்கள் திட்டத்துக்கு வருவோம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் +2 எழுத 15 வயது நிரம்பியிருந்தால் போதும். அந்தக் கதவு இருக்கிறது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டுக்கும் உச்ச வயதுதான் உண்டு. ஆனால் அங்கே மொத்தமே இரண்டு வாய்ப்பு, அதுவும் அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில். +2-வை முன்கூட்டியே முடித்தால் அந்தக் கடிகாரமும் முன்கூட்டியே ஓட ஆரம்பித்துவிடும். பதினைந்திலும் பதினாறிலும் இரண்டையும் செலவழித்துவிட்டால், பதினேழில் பையனுக்குப் புத்தி தெளியும்போது கையில் வாய்ப்பு இருக்காது.

கேள்வி: ஜே.இ.இ. தமிழில் எழுதலாமா? — ஒரு மாணவி, சுரண்டை

மெயினை எழுதலாம், 2021-லிருந்து. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். மெயினில் தமிழில் கெட்டிக்காரியாக இருந்தவள் அட்வான்ஸ்டில் திடீரென்று மக்காகிவிட வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு.

கேள்வி: தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங்குக்கு நுழைவுத் தேர்வே இல்லை. பிறகு எதுக்கு இத்தனை அலைச்சல்? — பெயர் வேண்டாம், ஆலங்குளம்

நியாயம். 2007-லிருந்து +2 மதிப்பெண்தான். கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு மட்டும் 100. அண்ணா பல்கலைக்கழகம் போதும் என்கிற பிள்ளையை விட்டுவிடுங்கள், நிம்மதியாகப் படிக்கட்டும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் நேராகப் பன்னிரண்டாவதை நடத்துகிறார்கள். 'சீக்கிரம் முடிச்சா நுழைவுத் தேர்வுக்கு நல்லது' என்கிறார்கள். சரியா? — ஒரு மாணவர், சங்கரன்கோவில்

முழுத் தப்பு. ஜே.இ.இ. பாடத்திட்டம் இரண்டு வகுப்பும் சேர்ந்தது. திரிகோணமிதி, ஈருறுப்புத் தேற்றம், வகைநுண்கணிதத்தின் ஆரம்பம் எல்லாம் பதினொன்றாவதில்தான் கிடக்கிறது. இந்தத் தாண்டோட்டத்தை நிறுத்தத்தான் 2017-18-ல் பதினொன்றாவதுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பழைய பழக்கம் திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது. அரசு அச்சிட்ட பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி நீங்களே போடுங்கள். வாத்தியார் நடத்தவில்லை என்று கேள்வித்தாளிடம் போய் முறையிட முடியாது.

கேள்வி: சீசனுக்கு முன்னாடி குற்றாலத்துக்குப் போனால் பாறையைத்தான் பார்க்கலாம். வயசுக்கு முன்னாடி எழுதும் தேர்வும் அப்படித்தானே? — ஒரு வாசகர், மேலகரம்

உவமை ஜோர். ஆனால் பேரருவிப் பாறையில் செதுக்கியிருக்கும் லிங்கங்களைத் தண்ணீர் கொட்டும்போது பார்க்க முடியாது அண்ணாச்சி. காய்ந்த பாறைக்குப் போனவனுக்குத்தான் அது தெரியும்.

கேள்வி: எந்த நுழைவுத் தேர்வும் இல்லாமல் மத்தளம்பாறையில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போய்விடலாம் என்கிறான் என் தம்பி. — ஓர் அக்கா, கடையம்

அங்கே இருக்கும் ஸோஹோ நிறுவனம் நடத்தும் பள்ளி கல்லூரிப் பட்டம் கேட்பதில்லை, +2 போதும் என்பது உண்மை. அந்த நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் படித்துவிட்டு மத்தளம்பாறைக்கு வந்தவர். அந்தப் பள்ளியில் சேரவும் ஒரு தேர்வு உண்டு. அதிலும் கணக்கு உண்டு. தம்பியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மகளுக்குக் கணக்கு என்றால் உயிர். சிறுசேரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கணுமாம். நம்மூர்க் கல்லூரியில் இல்லாத பி.எஸ்சி.யா? — ஒரு தாய், செங்கோட்டை

பேரு ஒன்றுதான், சங்கதி வேறு. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனம் சி.எஸ். சேஷாத்ரி 1989-ல் விதைத்தது. 1998-லிருந்து இளநிலைப் படிப்பு நடக்கிறது. நுழைவுத் தேர்வு +2 முடிக்கும் வருஷத்தில் மே மாத வாக்கில். விடையை மட்டும் கேட்க மாட்டார்கள், 'ஏன்?' என்றும் கேட்பார்கள். நிரூபித்துக் காட்ட வேண்டும். முன்கூட்டியே எழுத ஆசையென்றால் வழி சுலபம். பழைய கேள்வித்தாள்களை அவர்கள் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஒன்றை அச்சடித்துக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் டிவியை அணையுங்கள். மகளுக்குப் பாதி கேள்வி புரியாது. புரியாததை அவள் திங்கட்கிழமையும் கையில் வைத்திருந்தால் சிறுசேரிக்குப் பெட்டி கட்டலாம்.

கேள்வி: பேத்தி எட்டாவது. கணக்கில் கெட்டி. 'பையனா இருந்தா ஒலிம்பியாட் எழுத வைக்கலாம், பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு, யாரு கூட்டிட்டு அலையுறது' என்று வீட்டில் பேச்சு. — ஒரு தாத்தா, பண்பொழி

பெண்களுக்கென்றே தனியாக ஐரோப்பியப் பெண்கள் கணித ஒலிம்பியாட் நடக்கிறது. இந்தியாவும் அணி அனுப்புகிறது. அதற்கும் முதல் படி செப்டம்பரில் வரும் அதே ஐ.ஓ.க்யூ.எம். தேர்வுதான். அங்கே பையன்களுக்கு இடமில்லை என்று வீட்டில் ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். கூட்டிக்கொண்டு அலைய ஆள் இல்லை என்கிறார்களா? சாயங்காலம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணாச்சிக்குக் கடிதம் எழுத ஒருத்தருக்கு நேரம் இருக்கிறதே, அவரைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.