வடை பிழிதல்: கணியம்பாடிப் பேருந்து மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

வேலைக்கும் படிப்புக்கும் தினமும் பஸ் ஏறுகிறவர் உடம்புக்கு ஒத்ததைச் சாப்பிடுவது அவரவர் மனவுறுதியைப் பொறுத்தது என்பது அறிஞர் பெருமக்களின் துணிபு. அதை மறுத்து, பஸ் எவ்வளவு நேரம் நிற்கிறது, ஜன்னலில் கை நீட்டினால் என்ன எட்டுகிறது என்ற இரண்டுமே உணவைத் தீர்மானிக்கின்றன என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் வேலூர்–திருவண்ணாமலைச் சாலையிலுள்ள கணியம்பாடி. வேலூருக்கு வேலைக்குப் போகிறவர்களும், பொறியியல் படிக்க இந்தப் பக்கம் வருகிறவர்களும் காலையில் எதிரெதிரே கடக்கும் ஊர் இது. பக்கத்திலேயே ஜவ்வாது மலை. அங்கே சாமை விளைகிறது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. ஆனாலும் சாமை மலையிறங்கி வருவதற்குள் வடை வெந்துவிடுகிறது.

பயண உணவுகளை நான்காகப் பகுக்கலாம். வாழைப்பழம்: நல்லது, மலிவானது, தோலே உறை, ஆகவே ஆய்வுக்கு உதவாது. இட்லி: உட்கார்ந்து சாப்பிட வேண்டும், கண்டக்டர் விசில் விடாது. இளநீர்: ஒரு கை கம்பிக்கு, ஒரு கை பைக்கு, மூன்றாவது கை இன்னும் முளைக்கவில்லை. எஞ்சுவது மசால்வடை.

வடையை ஆரோக்கிய உணவாக மாற்றும் சடங்கே பிழிதல். செய்தித்தாளில் வடையை வைத்து, மடித்து, உள்ளங்கையால் அழுத்தி, தாளில் ஊறிய எண்ணெயைப் பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்டி, பெருமூச்சு விட்டுத் தின்பது. ஒருமுறை அழுத்தினால் போதும் என்பர் ஜன்னலோரப் பள்ளியார். திருப்பிப்போட்டு மறுபடி அழுத்தாதது பிழிதலே அன்று என்பர் படிக்கட்டுப் பள்ளியார். இரு தரப்பும் மற்றவர் கட்டுரையைப் படித்ததில்லை என்பதால் விவாதம் செழிப்பாக நடக்கிறது. இன்னும் எழுதப்படாத ‘கடைசி சீட்டுச் சங்கிரக’த்தின் காணாமற்போன ஏழாம் படலத்துக்கு, செல்லரித்த உரையொன்றின் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, பிழிந்த வடை ஒன்று பிழியாத வடை பாதிக்குச் சமம், ஆகவே இரண்டு தின்னலாம் என்கிறது. மரபு இதையே பின்பற்றுகிறது. அறிவியலோ வேறு சொல்கிறது. சட்டியிலிருந்து எடுத்த வடை ஆற ஆறத்தான் மேலே ஒட்டிய எண்ணெயைப் பெரும்பாலும் உள்ளே இழுக்கிறது. சுடச்சுட ஒற்றினால் பலனுண்டு. பயணியின் கைக்கு வருவதோ ஆறிப்போன வடை. அவர் பிழிவது எண்ணெயை அல்ல, குற்ற உணர்ச்சியை. போதாததற்கு, அச்சு மை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலேயே எச்சரித்தது. 2018-ஆம் ஆண்டு விதிகள் செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாதென்றே தடுத்தன. எண்ணெய் போன இடத்தில் தலையங்கம் ஏறுகிறது.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரக் கூடாதா என்பார்கள். வரலாம், விடியுமுன் எழுந்து கட்டித்தர வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவரும் பெரும்பாலும் அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். மனம் வைத்தால் முடியும் என்ற வாதம் அவருடைய உறக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாமையில் கொழுக்கட்டை பிடித்து, ஜன்னல் உயரத்துக்குத் தூக்கி, வடை விலைக்கே விற்கட்டும். மனவுறுதி தானாக வந்துவிடும். அதுவரை, சிறுதானியக் கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் வடையைப் பிழியாமலே விழுங்கும் பேராசிரியர்கள், பிழிந்து தின்னும் பயணிக்கு உபதேசம் செய்யாமலிருப்பதே ஆய்வு நெறி.