லண்டன் டீக்கடையும் அப்பாவின் புல்லட்டும்

கேள்வி: அப்பாவின் 1980களின் புல்லட்டை கஃபே ரேசராக மாற்ற ஆசை. செய்யலாமா?
(ஒரு வாசகர், கீழ்பென்னாத்தூர்)

பதில்: அழகான ஆசை! 1950, 60களில் லண்டன் ஏஸ் கஃபேயில் டீ குடித்துவிட்டுப் பறந்த இளைஞர்கள், வேகத்துக்கு உதவாத அனைத்தையும் வண்டியிலிருந்து கழற்றினார்கள். தாழ்ந்த ஹேண்டில்பார், ஒற்றை சீட், பின்னுக்குத் தள்ளிய கால்மிதி: அதுதான் கஃபே ரேசர். இந்தக் கால்மிதிதான் பழைய புல்லட்டில் பெரிய வேலை. அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இரண்டுக்கும் புது இணைப்புக் கம்பி வேண்டும். கை தேர்ந்த லேத்துக்காரர் கிடைக்கும்வரை தொடாதீர்கள். அதற்கும் முன்னால் டிரம் பிரேக்கைச் சரிபாருங்கள். வேகம் பிறகு வரட்டும்.

ஒற்றை சீட் போட்டால் கார்த்திகை தீபத்துக்கு அம்மா பஸ்ஸில்தான் திருவண்ணாமலை போக வேண்டும், யோசியுங்கள்.

சேஸிஸை வெட்டவே கூடாது. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தராது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறைக்கும் வழியுண்டு. எதைத் தொடுவதானாலும் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே முடியாது என்றால், ராயல் என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜிடி 650 ஆலையிலிருந்தே கஃபே ரேசராக வருகிறது. அப்பாவின் புல்லட் அப்படியே இருக்கட்டும்.