லூப் இலக்கணச் சுருக்கம்

எலக்ட்ரானிக் நடன இசையைக் கற்க வருபவரின் நோக்கம் ஒரு பாட்டைச் செய்து முடிப்பது என்று பரவலாக நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை. கற்பவர் ஒருவரின் கணினியைத் திறந்து பார்த்தால் அங்கே கிடைப்பது எட்டு பார் நீளமுள்ள ஒரு துண்டு. அது முடிந்த கையோடு மறுபடி முதலிலிருந்து ஓடும். இதற்கு லூப் என்று பெயர். இப்படி நூற்றுக்கணக்கான லூப்கள் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருக்கும், பாட்டு இருக்காது. ஆகவே லூப்பே இக்கலையின் நிறைவடிவம், பாட்டு என்பது அதிலிருந்து சிலர் வழுவி விழுந்த நிலை என்று கொள்வதே முறை. இச்சிற்றுரை அந்தக் கொள்கையை நிறுவ எழுதப்படுகிறது.

முதலில் அளவை. ஒரு பாருக்கு நான்கு அடி. நிமிடத்துக்கு 128 அடி என்பது பெரிய மேடைகளில் இவ்விசை வழக்கமாக வந்து நிற்கும் வேகம். கணக்குப் போட்டால் எட்டு பார் சரியாக 15 விநாடி, பதினாறு பார் 30 விநாடி, முப்பத்திரண்டு பார் ஒரு நிமிடம். பின்னமே விழாத இந்தக் கணக்கில் மயங்கித்தான் பலர் இத்துறைக்கு வந்தார்கள் என்பது நம் துணிபு. இசைக்காக வந்தவர்களும் உண்டு. மேற்சொன்னவற்றுள் அந்த 30 விநாடிக்கு வணிகத்தில் தனி இடம் இருக்கிறது; அது தன் இடத்தில் வரும்.

அடுத்து மாணாக்கர் இயல்பு. நன்னூலில் பவணந்தி முனிவர் மாணாக்கரை முதல், இடை, கடை என்று வகுத்து எட்டு உவமைகள் கொடுத்தார். எழுநூறு ஆண்டுகள் கடந்தும் அதில் திருத்தத்துக்கு இடமில்லை. கிளி என்பவர் பிறர் செய்த டெம்ப்ளேட்டை விலைக்கு வாங்கி, தடங்களின் நிறத்தை மாற்றித் தம்முடையதாக்கிக்கொள்கிறார். ஒரு செடியிலும் வயிறாற மேயாமல் நுனி கடித்து நகரும் ஆடு, திங்கட்கிழமை ஒரு ப்ளக்-இன்னும் செவ்வாய்க்கிழமை வேறொன்றும் இறக்குகிறது. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடையிடம், ஒன்றரை மணி நேரப் பாட வீடியோ முடிந்ததும் எஞ்சுவது அதில் சொல்லப்பட்ட தள்ளுபடிக் குறியீடு. அன்னம் பாலை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுவதால் இத்துறையில் காணக் கிடைப்பதில்லை.

மென்பொருள் செய்தவர்கள் இந்த இயல்பை நன்கு அறிந்தவர்கள். பெல்ஜியத்தில் 1997-ல் பிறந்த ஃப்ரூட்டிலூப்ஸ், லூப்பைத் தன் பெயரிலேயே சுமந்து வந்தது. பின்னாளில் எஃப்.எல். ஸ்டுடியோ என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஒருமுறை வாங்கியவருக்கு ஆயுள் முழுவதும் புதுப்பிப்பு இலவசம். கற்பதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதை அந்த நிறுவனம் அளந்து வைத்திருப்பதாகவே தோன்றுகிறது. 2001-ல் பெர்லினிலிருந்து வந்த ஏபிள்டன் லைவ் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதன் ஒரு திரையில் லூப்கள் கட்டம் கட்டமாக நிற்கும், காலக்கோடே கிடையாது. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. இந்தப் பண்பை நம் முன்னோர் கடவுளுக்கு மட்டுமே சொல்லிவந்தார்கள்.

இக்கொள்கையை மீறியோர் இல்லாமல் இல்லை. நெதர்லாந்தில் மார்ட்டின் கேரிக்ஸ் என்ற 17 வயது இளைஞர் எஃப்.எல். ஸ்டுடியோவில் ஒரு பாட்டை முடித்தே விட்டார். ‘அனிமல்ஸ்’ என்று அது 2013-ல் வெளிவந்தது. மூன்றே ஆண்டில் டி.ஜே. மேக் பத்திரிகையின் டி.ஜே.க்கள் பட்டியலில் அவருக்கு முதலிடம். வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் பட்டியல் அது. அதன்பின் அவருக்கு வீட்டில் உட்கார்ந்து லூப் கேட்க நேரம் இருந்திருக்காது.

இனிக் கருவி. இத்துறையின் மூலக்கருவிகளின் குலவரலாறு பெருமைப்படும்படி இல்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் டி.ஆர்-808 என்னும் தாள இயந்திரத்தை வெளியிட்டது. அதன் ஓசையில் இருந்த தனிச் சீற்றத்துக்குக் காரணம், தரச் சோதனையில் தேறாத டிரான்சிஸ்டர்களைத் தேடிப் பிடித்துப் பொருத்தியது. பிறகு டிரான்சிஸ்டர் ஆலைகள் முன்னேறின. பழுதுள்ள சரக்கு கிடைக்கவில்லை. 1983-ல் கருவி நின்றுபோனது. தரக் கட்டுப்பாடு ஒரு வாத்தியத்தைக் கொன்றதற்கு இசை வரலாற்றில் இதைவிடத் தெளிவான வழக்கு இல்லை.

அதன் தம்பி டி.பி-303. தனியாக கிட்டார் வாசிப்பவருக்குப் பக்கத்தில் பேஸ் கிட்டார்க்காரர் இல்லாத குறையைத் தீர்க்க, டடாவோ கிகுமோட்டோ என்ற பொறியாளர் வடிவமைத்தது. 1981-ல் பிறந்தது, 1984-ல் கைவிடப்பட்டது. அது எழுப்பிய ஓசைக்கும் பேஸ் கிட்டாருக்கும் உறவே இல்லை. சுரங்களை உள்ளே ஏற்றும் முறையோ பொறுமைசாலிகளையும் கோபக்காரர்களாக்கியது. வாங்கியவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

இந்த இடத்தில் சிகாகோ இளைஞர் மூவர் குறுக்கிட்டனர். டி.ஜே. பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே. குழுவின் பெயர் ஃப்யூச்சர். பழைய 303 ஒன்று அவர்கள் கைக்கு வந்தது. முறைப்படி சுரம் ஏற்றுவதை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் குமிழ்களைத் திருகினார்கள். கருவி குழறியது, கீச்சிட்டது, கொப்பளித்தது. பழுதுபார்க்கக் கொடுத்திருக்க வேண்டும். பதிவு செய்தார்கள்.

அந்த நாடா மியூசிக் பாக்ஸ் என்ற கிளப்பின் டி.ஜே. ரான் ஹார்டியிடம் போயிற்று. அவர் அதைப் போட்டதும் ஆடுதளம் காலியானது. அதே இரவில் மறுபடியும் போட்டார். மூன்றாவது முறையும் போட்டார். நான்காவது முறை கூட்டம் வெறி பிடித்து ஆடியதாக அக்குழுவினர் பின்னர் சொல்லிவந்தனர். 1987-ல் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்று இசைத்தட்டாக வந்தது, பதினொரு நிமிடத்துக்கு மேல். ஆசிட் ஹவுஸ் என்ற வகை அதிலிருந்து கிளைத்து இங்கிலாந்துக்குப் போய், 1988-ன் கோடைகாலம் முழுவதையும் தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்டது.

இந்நிகழ்ச்சியை மாணாக்கர் முன்மாதிரியாகக் கொள்ளலாகாது. கையேடு பின்பற்றப்படவில்லை. பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் செலுத்தப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்போர் வெளிநடப்பு செய்து தெளிவாகத் தெரிவித்த கருத்தை ரான் ஹார்டி மூன்று முறை புறக்கணித்தார். இன்றைய செயலிகளில் இப்படி நடக்க வாய்ப்பில்லை. முதல் முறை ஆட்கள் எழுந்து போனதுமே அந்தப் பாட்டு அடுத்தவர் கண்ணில் படாமல் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆசிட் ஹவுஸ் என்னும் தொல்லையும் நேர்ந்திருக்காது. யாரும் சீந்தாமல் கிடந்த அந்த 303 இன்று லட்சங்களில் விலைபோகிறது. வாங்க முடியாதவர்களுக்கு மென்பொருள் நகல் உண்டு. குமிழின் படத்தை மவுஸால் திருகலாம்.

நுட்பங்களில் ஒன்றை மட்டும் சொல்லி நகர்வோம். கிக் எனப்படும் அடித்தாளமும் பேஸும் ஒரே தாழ்ந்த அதிர்வெண்களுக்காக முட்டிக்கொள்ளும். ஆகவே கிக் விழும் கணத்தில் பேஸ் தானாகவே அடங்கி, அது போனதும் எழும்படி ஏற்பாடு செய்வார்கள். பெரியவர் தெருவில் வரும்போது திண்ணையில் இருப்பவர் எழுந்து, அவர் கடந்ததும் உட்காருவது போல. இதற்குச் சைட்செயின் என்று பெயர். நிமிடத்துக்கு 128 பெரியவர்கள். இந்த மரியாதை இருபது மில்லிவிநாடியில் இருக்க வேண்டுமா, முப்பதில் இருக்க வேண்டுமா என்று விவாதித்தே ஒரு தலைமுறை வயதுக்கு வந்திருக்கிறது. உச்சத்துக்கு ஏற்றும் முறையை, மூன்று காலமும் சாதகம் செய்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. அடி இரட்டிக்கும், மீண்டும் இரட்டிக்கும், பிறகு ஒரு கணம் எதுவும் கேட்காது, பிறகு இடி விழும்.

பரப்புதலுக்கு வருவோம். இதன் முதல் விதி, பாட்டு தேவையில்லை என்பது. வெளிவராத பாட்டுக்குக் கேட்பவர் முன்கூட்டியே இடம்போட்டு வைக்கும் ப்ரீ-சேவ் என்ற ஏற்பாடு இதற்கென்றே இருக்கிறது. வேண்டியவை ஒரு லோகோ, எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு புகைப்படம், தம்மைப் பற்றித் தாமே எழுதி ‘இவர்’ என்று குறிப்பிடும் ஓர் அறிமுகம். குறுவீடியோவுக்கு 15 விநாடி ஓசை போதும். எட்டு பார். நம் கொள்கையைச் சந்தை தானாகவே வந்து ஏற்றுக்கொண்ட இடம் இது.

பேராசையால் மேலே போகிறவர்கள் அந்த 30 விநாடியில் மாட்டுகிறார்கள். ஸ்பாட்டிஃபையில் ஒருவர் அரை நிமிடம் கேட்டால்தான் அது ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறும். நம் வேகத்தில் சரியாக 16 பார். கிளப்பில் வாசிக்கும் டி.ஜே.க்கோ, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் பிசிறில்லாமல் நழுவ, தொடக்கத்தில் வெறும் தாளம் 32 பார் வரை ஓட வேண்டும். ஆக, கணக்கர் கல்லாவை மூடும் நேரத்தில் கிளப் பாட்டு இன்னும் தொடங்கியே இருக்காது. இதனால்தான் ஒரே பாட்டு எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என்றும் ரேடியோ எடிட் என்றும் இரண்டு உடல் எடுக்கிறது. ரேடியோ எடிட்டுக்கு ரேடியோவில் வர வேண்டிய கடமை இல்லை.

2024 முதல் அதே ஸ்பாட்டிஃபையில் மற்றொரு விதி. பன்னிரண்டு மாதத்தில் 1,000 கேட்பை எட்டாத பாட்டுக்குப் பதிவுரிமைத் தொகை கிடையாது. ஆக 999 வரை அது கலை. அடுத்த கேட்பில் தொழிலாகிவிடுகிறது. எட்டினாலும் கிடைப்பது சில டாலர். ஆளுக்குச் சில முறை கேட்டே ஆயிரத்தை எட்டவைத்திருக்கக்கூடிய கூட்டுக் குடும்பங்கள் சிதைந்ததன் பொருளாதார விளைவை அறிஞர்கள் வேறெங்கோ தேடுகிறார்கள்.

பரப்புதலில் தலைக்கவசத்தின் பங்கு பற்றித் தனி இயலே எழுதலாம். டாஃப்ட் பங்க் இருவரும் 2001 வாக்கில் ரோபோவாக மாறினர். டெட்மவுஸ் எலித்தலை அணிந்தார். மார்ஷ்மெல்லோ வெள்ளை உருளைக்குள் புகுந்துகொண்டார். இவர்களுள் டெட்மவுஸ், பெரிய மேடைகளில் தம்மைப் போன்றோர் செய்வது பெரும்பாலும் ப்ளே பொத்தானை அழுத்துவதே என்று 2012-ல் எழுதி சக கலைஞர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். எலித்தலைக்குள்ளிருந்து அதற்கு மேல் பொத்தான்கள் தெரிவதும் கடினம்தான்.

பரப்புதலுக்கு எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டும்? சரண்ஜித் சிங்கின் வழக்கிலிருந்து 28 ஆண்டு என்று பெறப்படுகிறது. இந்திப் படங்களுக்கு வாசித்துவந்த இவர், 1982-ல் பம்பாயில் அதே 303, அதே 808 இரண்டையும் கொண்டு, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை இசைத்தட்டாகத் தந்தார். பூபாலி உண்டு, அதாவது நம் மோகனம். மால்கௌன்ஸ் உண்டு, நம் இந்தோளம். சிகாகோக்காரர்களின் தட்டுக்கு ஐந்து ஆண்டு முன்பு. அவர்களைப் போலக் கண்டபடி திருகிவிடாமல், ராக இலக்கணம் வழுவாமல் சுரம் சுரமாக ஏற்றினார். தட்டு விற்கவில்லை. 2002-ல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் அதைக் கண்டெடுத்தார், 2010-ல் மறுவெளியீடு ஆனது, எழுபது வயதைக் கடந்த சிங் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார். அவசரப்படுவோர் இதைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

உற்பத்தி, பரப்புதல் இரண்டையும் ஒருங்கே சொல்லும் நூல் ஒன்றுதான், 1988-ல் பிரிட்டனில் வந்த ‘தி மேனுவல்’. ஆசிரியர்கள் பில் டிரம்மண்ட், ஜிம்மி காட்டி. அவ்வாண்டு ஜூனில் டைம்லார்ட்ஸ் என்ற பெயரில் இவர்கள் செய்த பாட்டு அந்நாட்டில் முதலிடம் பிடித்திருந்தது. பழைய அமெரிக்கப் போலீஸ் கார் ஒன்றைக் குழுவின் நாயகனாக முன்னிறுத்தினர். மனிதர்கள் முகம் காட்ட வேண்டிய அவசியம் எழவில்லை. நூலின் கருத்துகள் சுருக்கமாக: கையில் காசு இருக்கக் கூடாது. வாத்தியம் வாசிப்பவர் அதை விற்றுவிட வேண்டும். பாட்டு மூன்றரை நிமிடத்தைத் தாண்டலாகாது. வரிகள் வேண்டும், ஆனால் நிறைய வேண்டாம். இதன்படி நடந்தும் மூன்று மாதத்தில் முதலிடம் வராவிட்டால் நூலின் விலை திருப்பித் தரப்படும். இந்நூலைப் பின்பற்றியதாகச் சொன்ன ஆஸ்திரியாவின் எடெல்வைஸ் குழு பல நாடுகளில் வெற்றி கண்டது. இசைப் பயிற்சி வகுப்புகள் எதுவும் இந்த உத்தரவாதத்தைத் தங்கள் விளம்பரத்தில் பின்பற்றவில்லை என்பதைப் பதிவு செய்கிறோம்.

பின்னர் இவ்விருவரும் தி கே.எல்.எஃப். என்ற பெயரில் பெரும்பொருள் ஈட்டி, 1992-ல் இசையை விட்டு விலகி, தங்கள் தட்டுகளையும் பிரிட்டனில் விற்பனையிலிருந்து நீக்கினர். 1994 ஆகஸ்ட் 23 அன்று ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில், பாழடைந்த படகுக் கொட்டகை ஒன்றில், பத்து லட்சம் பவுண்டை நோட்டாகவே எரித்தனர். இச்செலவை உற்பத்தியின் கீழ் எழுதுவதா, பரப்புதலின் கீழ் எழுதுவதா என்பது தீராத சிக்கல். எரிப்பதைப் படம்பிடித்து அடுத்த ஆண்டு அதே தீவில் திரையிட்டார்கள் என்பதால் பரப்புதல் என்றே கொண்டிருக்கிறோம். ரசீது இல்லாத செலவு இது. வரிக் கழிவுக்குச் செல்லாது.