நான்கெழுத்துச் சொத்து

நான்கே எழுத்துகள் கொண்ட டாட் காம் பெயர்கள் உலகத்தில் மொத்தம் 4,56,976தான் இருக்க முடியும். நான்கு இருபத்தாறுகளைப் பெருக்கினால் வருகிற கணக்கு. அவை எல்லாம் எப்போதோ பதிவாகி முடிந்துவிட்டன. இனி ஒன்று வேண்டுமென்றால் வைத்திருப்பவரிடம் பேரம் பேச வேண்டும், இல்லையென்றால் எவராவது புதுப்பிக்க மறந்து அது ஏலத்துக்கு வரவேண்டும். இந்த விவரம் தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சீக்கிரமே ஏலத்தில் ஒன்றை எடுத்துவிட்டேன். அதில் ஒரு ஏ, ஒரு வி, கடைசியில் ஓர் எக்ஸ். சேர்த்து உச்சரித்தால் தும்மல் மாதிரி இருக்கும்.

வாங்கியவன் முதலில் செய்யக்கூடாததைச் செய்தேன்: பெரிய விற்பனைகளைப் படித்தேன். 2010இல் ஃபேஸ்புக் நிறுவனம், எஃப்பி டாட் காம் என்ற பெயரை அமெரிக்க விவசாயிகள் அமைப்பான ஃபார்ம் பீரோ ஃபெடரேஷனிடமிருந்து 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014இல் ஜப்பானின் ஜிஎம்ஓ நிறுவனம், இசட் டாட் காமை நிசானிடமிருந்து 80 கோடி யென் கொடுத்து வாங்கியது. ஓரெழுத்துக்கு இவ்வளவு, ஈரெழுத்துக்கு அவ்வளவு என்றால் நான்கெழுத்துக்கு எவ்வளவு? பள்ளிக்கூடத்தில் எனக்கு வராத விகிதக் கணக்கெல்லாம் அன்றைக்குச் சரளமாக வந்தது. ஃபேஸ்புக்குக்கு அந்த இரண்டு எழுத்தை விட்டால் வேறு இரண்டு எழுத்து ஆகாது என்பதுதான் அந்த விலைக்குக் காரணம். இது மட்டும் என் கணக்கில் வரவில்லை.

என் மச்சான் மதுரையில் மனை வாங்கி விற்பவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “கைடுலைன் வேல்யூ எவ்வளவு மாப்ளே?”

நல்ல கேள்விதான். பெயரைத் தட்டினால் விலை சொல்லும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒன்று பைக் விலை சொன்னது. இன்னொன்று கார் விலை. மூன்றாவது, மச்சான் விற்கிற வீட்டு விலை. நிதானமுள்ளவன் சராசரி எடுத்திருப்பான். நான் வீட்டை எடுத்துக்கொண்டேன். எழுத்து எத்தனை, முடிவு டாட் காமா, இதே ஜாதிப் பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின என்று பார்த்துத்தான் அந்தக் கருவிகள் கணக்குப் போடுகின்றன. வாங்க ஆள் இருக்கிறானா என்பது அவற்றுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

2015 கடைசியில் சீனாவிலிருந்து ஒரு கூட்டம் நான்கெழுத்துப் பெயர்களை அள்ளத் தொடங்கியது. ஆனால் அவர்கள் கேட்டது உயிரெழுத்தும் வி-யும் இல்லாத பெயர்களை. சீன மொழியை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் ஐ, யூ, வி மூன்றிலும் சொல் தொடங்காது. மற்ற உயிரெழுத்துகளுக்கும் அங்கே மவுசு குறைவு. என்னிடம் ஏ-யும் இருந்தது, வி-யும் இருந்தது. இருந்தும் அந்த வெள்ளத்தில் என் வாசலுக்கும் கொஞ்சம் தண்ணீர் வந்தது. ஒருவர் மரியாதையாக ஒரு தொகை சொன்னார். போட்ட முதலைப்போலப் பல மடங்கு. நான் அதையும் பத்து மடங்காக்கி, “விலையில் பேச்சுக்கே இடமில்லை” என்று பதில் எழுதினேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. 2016இல் சந்தை படுத்துவிட்டது.

சரி, வாங்குபவரை நாமே தேடிப் போவோம் என்று கிளம்பினேன். டிவிஎஸ், எம்ஆர்எஃப் என்று இனிஷியலாலேயே பேர் வாங்கிய ஊரில் நான்கு எழுத்துக்கு ஆள் கிடைக்காமலா போகும்? கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் இனிஷியல் மூன்றெழுத்து ஒத்துவந்தது. கடைசி எக்ஸை ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்று வைத்துக்கொள்ளலாம் எனத் தீர்மானித்து, முதலாளிக்கே போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

“நம்ம வெப்சைட்ட யாருங்க தம்பி பார்க்கறாங்க? டீலருங்க எல்லாம் வாட்ஸாப்புலதானுங்க ஆர்டர் போடறாங்க. உங்களுக்கு மோட்டர் ஏதும் வேணும்னா சொல்லுங்க, டீலர் ரேட்டுக்கே போட்டுத் தரனுங்க.”

விற்கப் போனவன் மோட்டர் வாங்காமல் தப்பித்ததே அன்றைய லாபம்.

அடுத்து ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு, “உங்கள் பெயர் என்னிடம் இருக்கிறது” என்று தொடங்கி, விலையும் போட்டு எழுதினேன். பதில் வந்தது, வக்கீலிடமிருந்து. அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த விதிகளின்படி, வணிகமுத்திரை வைத்திருப்பவருக்கே விற்கும் நோக்கத்தோடு பெயரைப் பதிந்து, செலவுக்கு மேல் விலை கேட்டால் அதுவே கெட்ட எண்ணத்துக்குச் சாட்சி. நம் சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே ‘சிஃபி’ என்ற தன் பெயருக்காக உச்ச நீதிமன்றம்வரை போய் 2004இல் ஜெயித்திருக்கிறது. இணையப் பெயருக்கும் வணிகமுத்திரைபோலவே பாதுகாப்பு உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. என் கடிதத்தில் கெட்ட எண்ணம் இல்லை, அறியாமைதான் இருந்தது என்று வக்கீலுக்கு விளக்கி எழுதி, விட்டால் போதும் என்று வந்தேன்.

கடைசியாக ஒரு நல்லவர் வந்தார். கேட்ட விலைக்குச் சம்மதம். குறிப்பிட்ட ஓரிடத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் வாங்கித் தரவேண்டும், அவருடைய பங்குதாரருக்குக் காட்டத்தான். பணம் கட்டினேன். சான்றிதழ் வந்தது, தங்க நிறக் கரை போட்டு. நல்லவரைக் காணவில்லை. இது இந்தத் தொழிலில் அரதப்பழசான மோசடி என்று பிற்பாடு தெரிந்தது.

வருஷம் தவறாமல் புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தேதி வந்தால் என் மனைவி, “என்னங்க, இந்த வருஷமும் தும்மலுக்குப் பணம் கட்டணுமா?” என்பாள். ஒருமுறை ரோஷத்தில் கட்டாமல் விட்டேன். தவணை முடிந்த பிறகு மீட்டெடுக்க ஒரு மாத அவகாசம் தருகிறார்கள், அபராதத்தோடு. ரோஷம் அபராதம் கட்டி மீட்டது.

சின்னப் பெயர் வைத்திருக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பிறர் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். பெயரைத் தட்டுகிறவர் கண்ணில் படும்படி அந்தப் பக்கத்திலேயே விலையை எழுதிவையுங்கள். தரகருக்குக் கமிஷன் உண்டு என்பதை முதலிலேயே கணக்கில் சேருங்கள். பணத்தை நடுவில் வைத்துக் காக்கும் எஸ்க்ரோ வழியாக அல்லாமல் பெயரை மாற்றிக் கொடுக்காதீர்கள். சான்றிதழ் கேட்பவருக்குக் கும்பிடு போட்டுவிடுங்கள். முதலுக்கு மேல் கொஞ்சம் வைத்து ஒருவர் கேட்டால், அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

ஏ, வி, கடைசியில் எக்ஸ். இனிஷியல் ஒத்துவருகிறவர்கள் தெரிவிக்கலாம். விலை முன்னே பின்னே பேசிக்கொள்ளலாம்.